சாவி என்ற ஒரே சொல்

படம் முடிந்து விளக்கு போட்ட பிறகும் கைதட்டல் ஓயவில்லை. முதல் வரிசையில் இருந்த நிருபர், அலுவலகத்தில் ஆசிரியர் உட்பட எல்லோருக்கும் அக்கா, தனக்குச் சேரவேண்டியதுதானே வந்து சேர்கிறது என்பதுபோல் லேசாகத் தலையாட்டிக்கொண்டாள். பின்னே? ஒன்பது வருஷத்துக்கு முன் அவள் எழுதிய கட்டுரைதான் இந்தப் படம். பூட்டிய கிடங்கில் தீப்பிடித்து ஆறு பேர் செத்த கதை. விசாரணை வந்ததும் முதலாளி ஜெயிலுக்குப் போனதும் அவள் எழுத்தால்தான். அதிலும் காவலாளி சொன்ன அந்த ஒரு வரி இருக்கிறதே! "சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. மேலேருந்து உத்தரவு வரட்டும்னு நின்னேன்." நடிகர் அதைச் சொன்னபோது அரங்கமே மூக்கை உறிஞ்சியது.

இயக்குநர் மேடையில் ஒவ்வொருவருக்காக நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது பக்கத்துக் காலி இருக்கையில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். தேய்த்த சட்டை, நைந்த காலர். அக்காவுக்கு முகம் உடனே பிடிபட்டது. அந்தக் காவலாளிதான். படக்காரர்கள் மரியாதைக்கு அழைத்திருந்தார்கள்.

"நான் அப்படிச் சொல்லலையேம்மா" என்றார்.

"சாவின்னு சொன்னீங்களே ஐயா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"சொன்னேன். சாவி எங்கிட்ட இல்லைன்னு சொல்ல வந்தேன். அழுகை வந்து தொண்டையை அடைச்சுருச்சு. மீதியை நீங்களே எழுதிட்டீங்க."

அன்றைக்கு அவள் குறிப்பேட்டில் 'சாவி' என்ற ஒரு சொல்தான் இருந்தது, அதற்குப் பின்னால் மூன்று புள்ளிகள். பக்கம் அச்சுக்குப் போக அரைமணி நேரம். மனுஷன் சொல்ல வந்தது இதுதான் என்று அவளே முடிவு கட்டி முடித்து வைத்தாள். யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"யார்கிட்ட? பேப்பர்லயே வந்துருச்சேன்னாங்க." அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. "எங்க மாப்பிள்ளையும் அந்தக் கிடங்குக்குள்ளதான் செத்தாரு. பொண்ணு பேப்பரைப் படிச்சா. அன்னையிலேருந்து எங்கிட்டப் பேச்சு இல்லை. இப்போ பேரன் படத்தைப் பாப்பான்."

"அக்கா, மேடைக்கு வாங்க! அந்த வரியை எப்படி வாங்கினீங்க, நீங்களே சொல்லுங்க!" என்று இயக்குநர் கூவினார்.

படியேறும்போதே அக்கா கணக்குப் போட்டுவிட்டாள். அந்தக் கட்டுரைக்குக் கிடைத்த விருது போகும். முதலாளியின் வக்கீல் நாளைக்கே குதிப்பான். இருபது வருஷமாக எழுதிய ஒவ்வொரு வரியையும் ஊர் நோண்டும். நோண்டட்டும். எழுதும்போது நடுங்காத கை, சொல்லும்போது மட்டும் நடுங்குவானேன்? மைக்கைப் பிடித்தாள்.

"அந்த வரியை நான் வாங்கலை. நானா எழுதினேன்."

அடக்கம் என்று நினைத்து அரங்கம் சிரித்தது.

"சிரிக்காதீங்க. அவர்கிட்ட சாவி இல்லவே இல்லை. அவர் சொல்லாததை அவர் சொன்னதா நான் எழுதிட்டேன். பொய்."

இயக்குநர் மைக்குக்குக் கை நீட்டினார், அவள் கொடுக்கவில்லை. கீழே பெரியவர் அவள் பேசுவதைப் பதிவு செய்யத் தன் கைபேசியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துத் தடவிக்கொண்டிருந்தார். எதை அழுத்துவது என்று தெரியவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண் எட்டி அழுத்திக் கொடுத்தாள்.

"ஐயா, ஆன் ஆயிடுச்சா?" என்று கேட்டாள் அக்கா.

அவர் தலையசைத்தார். அவள் அந்தச் சின்னக் கைபேசியை நேராகப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.