பின்பக்கத்து முடிச்சு

அருங்காட்சியகத்திலிருந்து வந்த பெண் தன் பையிலிருந்து ஒரு கறுப்பு விளக்கை எடுத்து மேஜைமேல் வைத்தாள். டூகல் மாங்கர் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா அது?”

“புற ஊதா விளக்கு, மிஸ்டர் மாங்கர். பழைய நூல் இதுக்கடியில மங்கலாக் கிடக்கும். புது நூல் நீலமாப் பளிச்சுனு எரியும். நடுவுல யாராவது கை வெச்சிருந்தா உடனே காட்டிக் குடுத்துடும்.”

இயோனா என்ற அந்தப் பெண் சிரித்துக்கொண்டே திரைச்சீலைகளை இழுத்து மூடினாள். வெளியே ஸ்காட்லாந்துக் கடல் பகல் வெளிச்சத்தில் மின்னிக்கொண்டிருந்தது. உள்ளே டூகலுக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

இந்த வீட்டு மாடிப்படி அவருடைய முழங்காலுக்கும் மனைவி எஃபியின் முழங்காலுக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. சின்ன வீட்டுக்கு மாறுகிறார்கள். அங்கே சுவரைவிட ஜன்னல்தான் அதிகம். அதனால் எஃபி தன் சேகரிப்பை ஊர் அருங்காட்சியகத்துக்கே கொடுக்கத் தீர்மானித்துவிட்டாள். எல்லாம் அந்தக் காலத்துப் பள்ளிக்கூடச் சிறுமிகள் தையல் பழகிய மாதிரித் துணிகள். லினன் துணியில் பட்டு நூலால் எழுத்துகள், எண்கள், ஒரு வீடு, தோகை விரித்த மயில், கடைசி வரியில் இன்னாருடைய வேலை, வயது இத்தனை. மற்றவர்கள் நகை சேர்ப்பார்கள். எஃபி இதைச் சேர்த்தாள். எந்த ஊரில் ஏலம் என்றாலும் கொட்டும் மழையில் ஓடுவாள்.

அப்படி ஓடியும் கிடைக்காத துணி ஒன்று இருந்தது. அவள் பிறந்த வீட்டு முன்னோர்களில் கிரிசெல் லண்டி என்று ஒருத்தி தைத்தது, என்றோ கைமாறிப் போனது. தன் ஐம்பத்தெட்டாவது வயதில், எஃபியின் பிறந்தநாளுக்கு டூகல் அதைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

கண்டுபிடித்தார் என்பதுதான் பொய். பெர்த் நகரத்துப் பழைய சாமான் கடையில் வேறொரு சிறுமியின் துணியை வாங்கி, படகுக் கொட்டகையில் உட்கார்ந்து அவளுடைய பெயரைப் பிரித்தெடுத்து, புது நூலைத் தேநீரில் ஊறவைத்து, அந்த இடத்தில் கிரிசெல் லண்டி என்று தைத்தார். ஆயுசுக்கும் மீன்வலை தைத்த கை, ஊசி புதிதல்ல. பிறகு சட்டம் போட்டு, பின்பக்கத்தைத் தாள் ஒட்டி மூடினார். எஃபி அன்று ஆனந்தக் கண்ணீர் விட்டாள். வெயில் படாத படுக்கையறைச் சுவரில் அது மாட்டப்பட்டது. தினமும் படுக்கும்முன் அதைப் பார்த்து, “தூங்கு பொண்ணே” என்பாள். ஒவ்வொரு முறையும் டூகலுக்குச் சுருக்கென்று தைக்கும். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்றே வருடங்கள் ஓடிவிட்டன.

முதல் துணி விளக்கின்கீழ் போயிற்று. ஓர் ஓரத்தில் கடுகளவு நீலம் மினுங்கியது.

“அது நான் போட்ட ஒட்டு. பூச்சி அரிச்சிருந்துச்சு. எழுதிக்கோ” என்றாள் எஃபி கூச்சமே இல்லாமல்.

டூகல் தொண்டையைச் செருமினார். “எஃபி, அந்த கிரிசெலை மட்டும் நாமளே வெச்சுக்குவோமே.”

“வெச்சுக்கிட்டு? புது வீட்டு வெயில்ல வெளிறிப் போகட்டுமா?”

“பீரோவுக்குள்ள வைக்கலாம்ல?”

“எதுக்கு, ஊறுகாய் போடவா? சும்மா இரு டூகல்.”

“சரி, டீ போடட்டுமா?”

“இப்பத்தானே குடிச்சோம்! இன்னைக்கு என்ன ஆச்சு உனக்கு?”

அவர் சமையலறைக்குப் போனார். அடுத்தது அதுதான் என்று அவருக்குத் தெரியும். வாசலுக்கு மேலே மின்சாரப் பெட்டி இருந்தது. மூளை யோசிக்கும்முன் கை முந்திக்கொண்டது. மெயின் சுவிட்சை இறக்கினார். ரேடியோ நின்றது, குளிர்பெட்டி அடங்கியது. ஒரு நிமிடம் நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

“கரண்ட் போச்சு போல” என்று கத்தினார்.

“பரவாயில்ல, இது பேட்டரி விளக்கு!” என்றது இயோனாவின் குரல்.

அவர் திரும்பி வந்தபோது கிரிசெலின் சட்டம் மேஜைமேல் கிடந்தது. கண்ணாடி கழற்றப்பட்டிருந்தது. ஊதா வெளிச்சம் எழுத்துகள்மேல் நகர்ந்தது, ஒன்றும் இல்லை. வீட்டின்மேல் நகர்ந்தது, மயிலைத் தாண்டியது. டூகல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

கடைசி வரி எரிந்தது. கிரிசெல் லண்டி என்ற பெயர் முழுவதும், கடைத்தெரு விளம்பரப் பலகை மாதிரி, நீலமாக எரிந்தது.

இயோனாதான் மெல்ல ஆரம்பித்தாள். “மிஸஸ் மாங்கர்… உங்களை யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க. எங்க வாங்கினது?”

டூகலின் நாக்கில் பதில் தயாராக இருந்தது. பெர்த் கடைக்காரன் எப்போதோ செத்துப்போனான். செத்தவன் வந்து சாட்சி சொல்லப்போகிறானா?

“அந்தக் கடைக்காரப் பய…”

“டூகல்.” எஃபி அவரைப் பார்க்கவில்லை. “இன்னொரு பொய் வேண்டாம். ஒண்ணே போதும்.”

டூகல் நாற்காலியின் முதுகை விட்டார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

எஃபி சட்டத்தைக் கவிழ்த்து, பின்பக்கத்துத் தாளை நகத்தால் கிழித்தாள். “இங்க பாரும்மா. ஊசி பழகுற பொண்ணு முடிச்சுப் போட்டா டீச்சர் கையிலேயே ஒண்ணு வைப்பா. நூல் நுனியைத் தையலுக்கு அடியிலதான் செருகணும். இதுல எழுத்துக்கு எழுத்து முடிச்சு. அதுவும் என்ன முடிச்சு தெரியுமா? மீன்வலை முடிச்சு. இந்தத் துறைமுகத்துல அதை இவ்வளவு அழகாப் போடுற ஆள் ஒருத்தர்தான்.”

“உனக்கு… எப்பலேர்ந்து தெரியும்?”

“நீ குடுத்த மறுநாள்லேர்ந்து. ஒரு துணி கைக்கு வந்தா நாங்க முதல்ல முதுகைத்தான் பார்ப்போம். இத்தனை வருஷம் என்கூடக் குடித்தனம் பண்ணி இதுகூடவா தெரியல? உன் தாளைக் கிழிச்சுட்டு என் தாளை ஒட்டினேன்.”

அவள் துணியைத் தூக்கி, திரைச்சீலையை விலக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். நீலப் பெயருக்கு நடுவிலும் பக்கத்திலும் பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன.

“பெத்தியா பெட்ரி. வயசு பத்து” என்றாள் எஃபி. “தினமும் அவளுக்குத்தான் சொன்னேன், தூங்கு பொண்ணேன்னு. ஒருநாளாவது கிரிசெல்னு கூப்பிட்டேனா?”

இல்லை. ஒருநாளும் இல்லை. டூகலுக்கு இப்போதுதான் உறைத்தது. வெட்கமும் துக்கமும் ஒன்றாகப் பொங்கி, கண்ணில் நீர் முட்டியது.

“நீ சந்தோஷப்படணும்னுதான்…”

“பட்டேனே. எனக்காக ஒரு மனுஷன் ராவும் பகலும் திருட்டுத் தையல் தைச்சிருக்கான்னு பட்டேன். என்னை ஏமாத்தினதை அன்னைக்கே மன்னிச்சாச்சு.” அவள் அந்தத் துளைகளை விரலால் தடவினாள். “ஆனா அந்தக் குழந்தை. உலகத்துல அவ பேர் அந்த ஒரு இடத்துலதான் இருந்துச்சு. அதைப் பிரிச்சுட்டியே பாவி. நீயா வந்து சொல்லுவே, அப்ப சேர்ந்து சரி பண்ணலாம்னு காத்துக்கிட்டிருந்தேன். நீ கல்லாட்டம் இருந்தே. அதான் இந்த விளக்கைக் கொண்டுவரச் சொன்னேன்.”

இயோனா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எஃபி தையல் பெட்டியிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். “பிரி. மெதுவா. அவ துளையில ஒண்ணுகூடக் கிழியக் கூடாது.”

டூகல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். எஃபி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு முடிச்சாக வெட்டி, ஒவ்வொரு இழையாக உருவினார். கிரிசெல் போனாள், லண்டி போனாள். அந்த இடத்தில் பத்து வயதுப் பெண் ஒருத்தியின் துளைகள் மட்டும் இருந்தன.

“அட்டையில பெத்தியா பெட்ரின்னு எழுதும்மா” என்றாள் எஃபி இயோனாவிடம். “இதைக் கொண்டுபோகலாம்.”

மேஜைமேல் கிடந்த நூல் துண்டுகளை டூகல் குப்பையில் போட அள்ளினார். எஃபி அவர் கையைத் தட்டிவிட்டாள். விரல் நுனியை நக்கி நக்கி, ஒரு துண்டு விடாமல் ஒற்றியெடுத்து, காலி பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள்.

“அது எதுக்கு, எஃபி?”

“இது அருங்காட்சியகத்துக்கு இல்ல” என்றாள். மூடியின்மேல் பேனாவால் அழுத்தி எழுதினாள்: டூகல் மாங்கருடைய வேலை, வயது ஐம்பத்தெட்டு.