அறுபத்து மூன்று பஸ் ஸ்டாப்

எங்கள் பஸ் கேமுக்குப் பொங்கலில் வரவேண்டிய அப்டேட், ஆடி பிறந்தும் வரவில்லை. "கம்பெனிய மூடிட்டீங்களா?" என்று விளையாடுகிறவர்கள் கேட்கிறார்கள். கம்பெனி என்பதே இரண்டு பேர்தான். புரோகிராம் எழுத ஃபைசல், படம் வரைய மரிய செலினாகிய நான். வில்லியனூரில் அவன் அத்தாவின் மளிகைக்கடை மாடிதான் ஆபீஸ்.

மழையைச் சேர்த்தோம், பிரேக் பிடிக்கவில்லை. பிரேக்கைச் சரிசெய்தோம், கண்டக்டர் பஸ் கூரைமேல் போய் நின்றார். அதையெல்லாம் ஒருவழியாகச் சரிசெய்தாயிற்று. ஆனால் வேலைப் பட்டியல் மட்டும் குறையவே மாட்டேன் என்கிறது. சென்னைக் கம்பெனி ஒன்று என்னை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்டேட் இன்றும் போகாவிட்டால் கிளம்பிவிடுவது என்ற முடிவோடு மாடியேறினேன்.

பட்டியலில் புதிதாக மணப்பட்டு ஸ்டாப் முளைத்திருந்தது.

"இது இன்னாடா?"

"ஒருத்தரு கமெண்ட்ல கேட்டாரு. அடுத்த அப்டேட்ல வந்துடும்னு சொல்லிட்டேன்."

கமெண்டுகளைத் திறந்தேன். கரியமாணிக்கம் ஸ்டாப் கேட்டவருக்கும் அதே பதில். மொத்தம் அறுபத்து மூன்று பேருக்கு. ஒரு ஸ்டாப் என்றால் ஓர் ஊர். ஓர் ஊரை வரைய எனக்குப் பதினைந்து நாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இல்லன்னு சொல்ல வாய் வராதா?"

"கடைக்கு வர்றவங்கள இல்லன்னு அனுப்பக்கூடாது, நாளைக்கு வரும்னு சொல்லணும்னு அத்தா சொல்லியே வளத்துட்டாருப்பா."

"உங்க அத்தா மறுநாளே மூட்டைய எறக்கிடுவாரு. இங்க நான்ல ஊர வரையணும்! எல்லாருக்கும் இப்பவே இல்லன்னு எழுது. முடிஞ்சத மட்டும் அனுப்பு. இல்லாட்டி நான் சென்னைக்குப் போறேன்."

அவன் முகம் சுண்டிப்போனது. ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதி முடிக்கும்போது சாயங்காலம் நாலு மணி ஆகிவிட்டது. அப்டேட் போனது. "பரவால்லண்ணா, மழையில ஓட்டிக்கினு இருக்கேன்" என்று மணப்பட்டுக்காரர் எழுதினார்.

அப்போது சென்னையிலிருந்து போன். "என்னம்மா, திங்கக்கிழமை வந்துடுறீங்களா?"

நல்ல சம்பளம், நல்ல மனிதர். மூன்று வாரமாக நானும் அவரிடம் நாளைக்குச் சொல்கிறேன் என்றுதான் இழுத்துக்கொண்டிருந்தேன். ஃபைசல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல சார். வரல."

போனை வைத்ததும் அழுகை வந்துவிட்டது. இது இத்தனை கஷ்டம் என்று தெரிந்திருந்தால் அவனைக் கொஞ்சம் குறைத்துத் திட்டியிருப்பேன்.