இறக்கி வைக்காத ப்ளோவர்

எவேலியோவின் முதுகில் இருந்த, இலை ஊதும் ப்ளோவரில் பெட்ரோல் ஊற்றியது நான்தான். அதை மறைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை. ஆனால் பழி முழுவதையும் வெந்துபோய்க் கிடக்கிற அந்த மனிதர் தலையிலேயே கட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போகப் பார்த்தானே ருத்திலியோ, அவனை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ருத்திலியோ எங்கள் முதலாளி. சொந்த நாட்டில் எங்கள் ஊர்க்காரன்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே நியூ ஜெர்சியில் எங்களைப் போலப் புல்வெட்டி, இலை ஊதிப் பிழைத்தவன். இப்போது மூன்று வண்டி வைத்திருக்கிறான். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால்கூட இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. அந்த இயந்திரத்தின் சூடு அவன் முதுகுக்கும் தெரியும்.

அக்டோபர் பிறந்தால் எங்களுக்கு நாளொன்றுக்குப் பதினெட்டு வீடு. மரங்கள் கொட்டுகிற இலையையெல்லாம் ஊதித் தெருவோரம் குவிக்க வேண்டும். முதுகில் மாட்டுகிற பெட்ரோல் ப்ளோவர் ஒரு மணி நேரம் ஓடினாலே டாங்க் காலி. அப்போது எஞ்சினை நிறுத்தி, இறக்கி வெறும் தரையில் வைத்து, பத்து நிமிஷமாவது ஆறவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். சிந்தினால் துடைக்க வேண்டும். ஊற்றிய இடத்திலேயே ஸ்டார்ட் செய்யாமல் நாலெட்டு தள்ளிப் போக வேண்டும். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

ஆனால் எங்கள் வண்டியில் நடந்த வழக்கமே வேறு. முதுகில் மாட்டியவர் மாட்டியபடியே ஒரு பக்கம் சாய்ந்து நிற்பார். இன்னொருவன் பின்னால் போய், இடுப்பருகே இருக்கிற டாங்கைத் திறந்து கேனைச் சாய்ப்பான். எஞ்சின் நின்று அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. பக்கத்திலேயே சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கும். இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவனே ருத்திலியோதான். ப்ளோவர் தரையில் இருப்பதைப் பார்த்துவிட்டால் தெருமுனையிலிருந்தே ஹாரன் அடிப்பான். மிஷினுக்குத் தூக்கம் வருதா, தாலாட்டுப் பாடணுமா என்று கேட்பான். நாலு பேர் சிரிப்பார்கள். இறக்கி வைத்தவன் மறுநாள் வேலைக்கு வந்தால் வண்டியில் இடம் இருக்காது.

எவேலியோ என்னைவிட எட்டு வயது மூத்தவர். என் மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்றவர். ஆறு வருஷம் நாங்கள் இருவரும் ஜோடி. அவர் ஊதுவார், நான் வாரி அள்ளுவேன், ஊற்றுவேன்.

அன்று வியாழக்கிழமை. ஓக் மரங்கள் நிறைந்த ஒரு மூலை வீடு. டாங்க் காலியாகி எஞ்சின் நின்றதும், கொஞ்சம் ஆறட்டும் அண்ணே என்று நான் சொன்னேன். எதிர்ப்பக்கம் ருத்திலியோவின் வண்டி நின்றுகொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊத்துப்பா. அவன் பாத்துக்கிட்டே இருக்கான்," என்றார் எவேலியோ.

ஊற்றினேன். என் கை வழுக்கி, ஒரு வாய் பெட்ரோல் சைலன்சர் பக்கம் சிந்தியது. குப்பென்று பற்றிக்கொண்டது. வாரைக் கழற்றுவதற்குள் அவருடைய சட்டை தோலோடு ஒட்டிவிட்டது. ஈரமான இலைக் குவியலில் அவரைத் தள்ளி உருட்டினேன். என் விரல்கள் வெந்தது எனக்கு அப்போது தெரியவில்லை. ருத்திலியோ ஓடி வந்தான். மூச்சு வாங்க அவன் என்னிடம் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "யாராச்சும் பாத்தாங்களா?"

ஒரு வாரம் கழித்து இனிப்பு ரொட்டிப் பையோடு என் வீட்டுக்கு வந்தான். விசாரணைக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு அம்மா வரப்போகிறாராம். எவேலியோ சோம்பல்பட்டு, முதுகில் இருக்கும்போதே கையைப் பின்னால் விட்டுத் தானே ஊற்றிக்கொண்டார் என்று நான் சொல்ல வேண்டுமாம். போன வசந்தத்தில் எங்கள் எல்லோருக்கும் குடிக்கக் காப்பி கொடுத்து, இன்ஷூரன்ஸுக்கு என்று சொல்லி ஒரு ஆங்கிலக் காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருந்தான். அதில் இருந்தது அத்தனையும் பாதுகாப்பு விதிகள் என்று இப்போதுதான் தெரிந்தது. சூடாக இருக்கும்போது ஊற்றாதே, இறக்கி வைத்து ஊற்று என்று அச்சடித்து, அடியில் எவேலியோவின் கையெழுத்து. அந்த நல்ல விதிகளைப் பூட்டி வைத்து, ஆள் எரிந்த பிறகு வெளியே எடுக்கிறான் பாவி.

"யோசிச்சுக்க நிக்கானோர். ஊத்துனது உன் கை. நீ வாயத் தொறந்தா மொதல்ல மாட்டுறது நீதான்," என்றான் என்னிடம்.

அந்த ரொட்டியை அவன் முகத்தில் எறியாமல் விட்டதற்கு என் மனைவிதான் காரணம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எவேலியோ குப்புறப் படுத்திருந்தார். விஷயம் அவர் காதுக்கும் வந்திருந்தது.

"வலியக்கூடத் தாங்கிக்கலாம்ப்பா," என்றார். "முட்டாத்தனம் பண்ணித் தன்னத்தானே கொளுத்திக்கிட்டான்னு எழுதிருவாங்களாமே. எம் பிள்ளைங்க அதப் படிக்குங்க."

அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

விசாரணைக்கு வந்த அம்மாவின் பெயர் லிண்ட்க்விஸ்ட். எங்கள் மொழியைப் பள்ளிக்கூடத்துப் பாடம்போலப் பேசினார். வண்டிகள் நிற்கும் கொல்லையில் எல்லோரையும் கூட்டி வைத்து, ப்ளோவரை ஏன் இறக்கவில்லை, இறக்குவது கஷ்டமா என்று கேட்டார். ருத்திலியோ முந்திக்கொண்டான். செய்தே காட்டுகிறேன் என்று ஒரு ப்ளோவரை முதுகில் மாட்டி, ஸ்டார்ட் செய்து, கொல்லை முழுவதும் ஊதினான். மிஷினை ஓட்டிக் காட்டினால்தான் நம்புவார்கள் என்று நினைத்தானோ என்னவோ, ஐந்து நிமிஷம் முழு வேகத்தில் ஊதினான். பிறகு அணைத்தான்.

"பாருங்க மேடம், கழட்ட ரெண்டே வாரு. ரெண்டு செகண்டு. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், அந்தாளு கேக்கல."

எனக்குள் ஏதோ அறுந்தது. ஜெயிலோ எதுவோ, போகட்டும் என்று முன்னால் வந்தேன்.

"எவேலியோ தானா ஊத்திக்கல மேடம். நான்தான் ஊத்துனேன். தெனமும் நான்தான் ஊத்துவேன். முதலாளி சொல்லிக்குடுத்தபடி ஊத்துவேன். எப்பிடின்னு காட்டுறேன். முதலாளி, அப்பிடியே சாஞ்சு நில்லுங்க."

சுவரோரம் இருந்த பெட்ரோல் கேனை எடுத்துக்கொண்டு அவன் முதுகுப்பக்கம் நடந்தேன். மூன்று அடி இருக்கும்போது அவன் திரும்பிப் பார்த்தான். வாரைப் பிய்த்துக்கொண்டு ப்ளோவரைக் கீழே போட்டுவிட்டுக் கேட் வரைக்கும் ஓடினான்.

"பைத்தியமாடா ஒனக்கு? சைலன்சர் கொதிச்சுக்கிட்டிருக்கு, ஊத்துனா நான் எரிஞ்சு செத்துருவேன்," என்று அங்கிருந்தே கத்தினான்.

அந்த அம்மா அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் கேனைக் கீழே வைத்தேன். அதன் மூடியைக்கூட நான் திறந்திருக்கவில்லை.

எவேலியோ அந்தச் சூட்டோடு ஆறு வருஷம் என் முன்னால் சாய்ந்து நின்றார். பின்னால் நிற்பது நான்தானே என்ற நம்பிக்கையில் ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.