அலாசானாவின் கடைவாய்ப்பல்

1

"பல்லைத்தானே பிடுங்கப் போறேன், கல்லீரலையா–"

"ரெண்டும் ஒரே உடம்புலதானே இருக்கு, சோத்துப்பானை. காலையில குச்சி வச்சுப் பல்லு தேய்ச்சே. மத்தியானத் தொழுகை வரைக்கும் எச்சில் செவப்பாத்–"

"குச்சி முரடு."

"கையெல்லாம் கன்னிப்போயிருக்கே, அதுக்கும் குச்சிதானா? கையாலயா மெல்லுறே?"

இந்தக் கதை எனக்கு மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து இப்படித்தான் வந்தது. எனக்கு எப்போதும் குரல்தான் முதலில் வரும். முகம் பின்னால் ஆடி அசைந்து வந்து சேரும்.

2

'பக்காவ் கடற்கரையில் அலாசானா சன்யாங் என்றொரு படகுத் தச்சர்...' என்று தொடங்கிப் பார்த்தேன். 'படகில் ஓட்டை அடைப்பவருக்குத் தன் இரத்தத்தை...' வேண்டாம். அழகாக இருக்கிறது, அதனாலேயே அடித்துவிட்டேன்.

நேராகவே சொல்கிறேன். அலாசானாவுக்குப் பல வருடங்களாக மஞ்சள்காமாலைக் கிருமி, பி வகை. இரத்தத்தை உறைய வைக்கும் சரக்கு கல்லீரலில்தான் தயாராகிறது. அவருடைய கல்லீரல் களைத்துப்போய்விட்டது. பல்லைப் பிடுங்கினால் இரத்தம் நிற்குமா என்று முதலில் சோதிக்க வேண்டும். அதற்கு டாக்டரிடம் நோயைச் சொல்ல வேண்டும். சொந்த ஊரில் வீட்டாரிடம் ஒருமுறை சொன்னார். அன்றிலிருந்து, எல்லாரும் ஒரே கிண்ணத்தில் கைவிட்டுச் சாப்பிடும் அத்தை வீட்டில் அவருக்கு மட்டும் தனிக் கிண்ணம்.

(ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டால் இந்த நோய் ஒட்டாது. அத்தைக்கு யார் சொல்வது?)

3

நோகாய் ஃபாய் புகைபோட்ட மீன் விற்பவள். அவள் செரேர் இனம், அவர் ஜோலா இனம்; இந்த இரண்டு இனத்தாருக்கும் நடுவே வழிவழியாகப் பரிகாச உறவு. ஒருவரை ஒருவர் சோத்துப்பானை, அடிமை என்று கூப்பிடலாம், தட்டில் இருப்பதைப் பிடுங்கித் தின்னலாம், கோபம் மட்டும் வரக் கூடாது. விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவள் அவருடைய கிண்ணத்திலேயே கைவிட்டு, அவர் பக்கத்து மீன் துண்டாகப் பார்த்து எடுக்கிறாள்.

"என் அடிமை திங்கற மீன் என் மீன்."

முதல் பிரதியில் நான் அவளை அழவைத்திருந்தேன். அவள் அழுகிற ஆள் இல்லை. நீக்கிவிட்டேன்.

4

பல் டாக்டரின் அறைக்குள்ளும் அவள் கூடவே நுழைந்தாள். அவரை நாற்காலியில் சாய்த்தாயிற்று. டாக்டர் ஊசியை எடுத்தார்.

"டாக்டர், இந்த அடிமைக்குக் கல்லீரல் கெட்டுப்போச்சு. கீறினா ரத்தம் நிக்காது."

"அம்மா எந்த வீட்டுப் பொண்ணு?"

"ஃபாய் வீடு. செரேர்."

"இவரு சன்யாங், ஜோலா." டாக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். "சரியாப் போச்சு. எங்க வீட்டுலயும் இப்படி ஒரு கூத்து உண்டு. போன வாரம் ஒரு அம்மா, இவனுக்கு மூளையே இல்ல, பல்லோட சேர்த்துத் தேடிப் பாருங்கன்னாங்க."

உதவிக்கு நின்ற நர்ஸும் சிரித்தாள். நாற்காலியில் இருந்தபடி அலாசானாவும் சிரித்தார். தப்பித்தவர் சிரிப்பு.

(இதை நான் திட்டமிடவில்லை. பரிகாச உறவுக்காரி சொல்வதை இந்த ஊரில் யார் நம்புவார்கள்? எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.)

5

இரண்டு முடிவுகள் கைவசம் இருக்கின்றன. ஒன்றில் அவர் சொல்கிறார். ஊசி தட்டுக்குத் திரும்புகிறது, இரத்தப் பரிசோதனை நடக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் ஆயத்தமாக இருந்து பல்லை எடுக்கிறார்கள். அடுத்த வாரம் மீன் துண்டுக்கு மறுபடி சண்டை. இன்னொன்றில் அவர் வாயைத் திறக்கிறார், சொல்வதற்கல்ல. அதைப் பாதி எழுதினேன், பஞ்சு சிவந்து, இன்னொரு பஞ்சும்...

இரண்டில் எது என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்டது இதுவரைதான்: சிரிப்பு ஓய்ந்தது. ஊசி அருகே வந்தது. நோகாய் டாக்டரைப் பார்க்கவில்லை. இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"அலாசானா, நான் சொன்னா சிரிக்கிறாங்க. நீ சொல்லு."