இன்னொரு வருஷம் துக்கம்

கூரைப் புல்லின் மேல் வருஷத்தின் முதல் பனி வெள்ளையாகப் படிந்திருந்த அன்று, விடிந்து வெகுநேரம் ஆகியும் மாலினேயோ படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. தூக்கம் எப்போதோ கலைந்துவிட்டது. கம்பளியை மூக்குவரை இழுத்துக்கொண்டு, கட்டிலின் நட்டநடுவில், கையையும் காலையும் அகட்டிப் போட்டுக் கிடந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சுவரோரம் ஒரு சாண் இடத்தில் ஒட்டிப் படுத்தவளுக்கு, கட்டிலுக்கு நடு என்று ஒன்று இருப்பதே இந்த வருஷம்தான் தெரிந்தது. மூக்கு நுனி மட்டும் சில்லென்றிருக்க, மற்றதெல்லாம் கதகதவென்று இருந்தது. "ஆஹா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு பயந்துபோய்க் கதவைப் பார்த்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள் ஆஹா என்றால் இந்த லெசோதோ மலையில் கல்லுக்கும் காது முளைக்கும்.

புருஷன் மோகெதி செத்தது கோடை மழைக்கு முன்னால். அன்றிலிருந்து அவள் கறுப்புத் துணிதான். தலைக்குக் கறுப்பு, உடம்புக்குக் கறுப்பு, தோளில் கறுப்புச் சால்வை. கறுப்பு உடுத்தவள் பொழுது சாய்வதற்குள் வீடு சேர்ந்துவிட வேண்டும். உரக்கப் பேசக் கூடாது, எதிர்த்துப் பேசக் கூடாது, சிரிப்பு மூச்சே விடக் கூடாது. அவளுக்கு யாரும் கை கொடுத்துக் குசலம் கேட்க மாட்டார்கள். பீர் காய்ச்சித் தா என்று எந்த வீட்டிலிருந்தும் ஆள் வராது. ஆம்பளைகள் அவள் நிழலைக்கூட மிதிக்காமல் சுற்றிப் போவார்கள். பொம்பளையை ஒடுக்கி உட்காரவைக்க எந்தப் புண்ணியவானோ யோசித்து வைத்த சட்டங்கள். அத்தனையும் தனக்கு வரமாக வந்து வாய்க்கும் என்று மாலினேயோ கனவிலும் நினைத்தவள் இல்லை. பொழுது சாய்ந்தால் வீடு. வீட்டில் அவளைத் தவிர ஒருத்தரும் இல்லை. வெளியே வா என்று கூப்பிட ஒருத்தருக்கும் உரிமை இல்லை. வாழ்நாளில் அவளுக்குக் கிடைத்த முதல் ஓய்வு அது.

அதிலும் இலையுதிர் காலம் வந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆற்றோரத்து நெட்டை மரங்கள் மஞ்சளாகிவிட்டன. சோளக் கதிர் சிவந்து தலை கவிழ்ந்துவிட்டது. சாயங்கால வெயில் மேற்குச் சுவரில் அடித்து, அந்தச் சுவர் இருட்டிய பிறகும் சூடு தாங்கி நிற்கும். அதில் முதுகை வைத்து உட்கார்ந்தால் நாள் முழுக்கப் பட்ட குளிர் அப்படியே இறங்கிப்போகும். இரும்பு அடுப்பில் ஒவ்வொரு வறட்டியாகப் போட்டு, அது ஓரத்தில் புகைந்து, சிவந்து, நீறாகும்வரை வேடிக்கை பார்ப்பாள். தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை. மோகெதி இருந்தபோது அவளுக்கு அரைக் கரண்டிதான். அதையும் அவன் எட்டிப் பார்ப்பான். சுரங்கத்தில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு வந்தவன், அந்தக் கோபத்தை வேறு எவரிடம் காட்டுவான்? முதல் வாய்க் களி சூடு போதவில்லை என்றால் தட்டு பறக்கும். அவன் உட்காரும் கைவைத்த நாற்காலியில் இப்போது அவள் காலை மடக்கி உட்கார்ந்து, மூன்றாவது கரண்டியைத் தூக்கிக் காட்டி, "பாத்துக்க" என்பாள் மெதுவாக. "நல்லா பாத்துக்க. போட்டுட்டேன்." செத்தவன்மேல் இவ்வளவு வன்மம் ஆகாதுதான். ஆனால் அந்தத் தேநீரின் ருசியே அந்த வன்மத்தில்தான் இருந்தது.

ஒரே ஒரு முள் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. அறுப்பு முடிந்ததும் குடும்பம் கூடிக் கறுப்பைக் கழற்றிவிடுவார்கள். கழற்றிய பிறகு கொழுந்தன் சியாபாட்டா அவளுக்குப் புருஷனாக இந்த வீட்டுக்கு வருவான். செத்த அண்ணனின் அடுப்பு அணையக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். சியாபாட்டாவின் பெண்டாட்டி உடைந்த கையோடு தாய்வீடு போனவள், திரும்பி வரவில்லை. அவன் வராமல் இருக்க ஒரே வழி, கறுப்பு கழலாமல் இருப்பது. 'இன்னொரு வருஷம் துக்கம் காக்கிறேன்' என்று தானே கேட்டுவிட்டால்? உத்தமி என்று ஊரே மெச்சும். ஒரு குளிர்காலம், ஒரு கோடை, மறுபடி ஒரு இலையுதிர் காலம் கையில் இருக்கும். அதற்கப்புறம் நடப்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். இதை முதலில் நாத்தனார் மாபுலெங்கிடம் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தாள். குடும்பத்தில் எல்லாரும் அவள் வாயைத்தான் பார்ப்பார்கள்.

மாபுலெங் தானாகவே வந்துவிட்டாள். சாயங்காலம், காற்று ஊசியாய்க் குத்தும் நேரம், கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். மோகெதிக்கு மூத்தவள், எலும்பும் தோலுமாக உயர்ந்த உடம்பு, எதைப் பார்த்தாலும் விலை கேட்கிற கண்.

"என்னடி, அடுப்பு ஜம்முனு எரியுது?"

"குளிருதுக்கா. உக்காருங்க."

"ம். கொஞ்சம் சதை வச்சாப்ல இருக்கே?"

"கறுப்புத் துணிக்கா. அது அப்படித்தான் காட்டும்."

"நான் உடுத்துனப்ப எனக்கு அப்படிக் காட்டலியே" என்று சொல்லிக்கொண்டே மாபுலெங் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அடுப்பில் பரங்கிக்காய் வெந்துகொண்டிருந்தது. போன மாதம் கூரைமேல் காயவைத்த பீச் பழத் துண்டுகளைப் போட்டு, சோளமாவு தூவி, அடிப்பிடிக்காமல் கிண்டி, ஓரத்தில் லேசாகத் தீயவிட்டு இறக்குவது அவள் தானாகக் கண்டுபிடித்த பக்குவம். வந்தவளுக்கு என்ன கொடுப்பது? நேற்றைய களியைக் கொடுத்திருக்கலாம். புளித்த கூழைக் கொடுத்திருக்கலாம். புத்தி கெட்டவள், பெருமை பிடரியில் உட்கார, சட்டியிலிருந்து ஆவி பறக்க அள்ளி வைத்துவிட்டாள். இத்தனை நாள் தான் ஆக்கியதை நன்றாயிருக்கிறது என்று சொல்ல ஒரு நாக்கு இல்லாத குறை அவளுக்கு.

மாபுலெங் ஒரு வாய் எடுத்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். மாலினேயோவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு பருக்கை விடாமல் தின்று, விரலை ஒவ்வொன்றாக நக்கி முடித்தாள்.

"நல்லாருக்குடி" என்றாள். "ரொம்ப நல்லாருக்கு. துக்கக்காரி கையால ஆக்குனது மண்ணு மாதிரி இருக்கும். நான் ஆக்குனது அப்படித்தான் இருந்துச்சு. நானே துப்பியிருக்கேன்."

மாலினேயோ பேச்சை மாற்றுவதாக நினைத்து, மனசில் இருந்ததை அவசரமாகக் கொட்டினாள். "அக்கா, ஒண்ணு கேக்கணும். எனக்கு இந்தக் கறுப்பக் கழட்ட மனசே வரல. இன்னொரு வருஷம் அவருக்காகக் காத்துடறேனே. நீங்கதான் பெரியவங்ககிட்டச் சொல்லணும்."

மாபுலெங் அடுப்பைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், சர்க்கரை டப்பாவைப் பார்த்தாள்.

"எம்புருஷன் செத்தப்ப, அந்த வீட்ல எனக்குக் கறுப்புத் துணி வெளுக்கக்கூட நேரம் குடுக்கலடி" என்றாள். "ரெண்டு மழை பெய்யறதுக்குள்ள கழட்டி, அவரு தம்பிய உள்ள அனுப்பிட்டாங்க. நான் கேட்டேனா, இன்னொரு வருஷம்னு? கேக்கணும்னே எனக்குத் தோணல பாரு." எழுந்து, மாலினேயோவின் கன்னத்தைக் கிள்ளினாள். கறுப்பு உடுத்தியவளை யாரும் தொடுவதில்லை. "பயப்படாத. நான் பேசறேன் உனக்காக."

பேசத்தான் பேசினாள். சோளம் களத்துக்கு வந்த வாரத்தில் குடும்பம் கூடியது. ஆம்பளைகள் தொழுவத்துப் பக்கம் கல்மேல் உட்கார்ந்திருந்தார்கள். மாலினேயோ வழக்கப்படி தரையில், தலை குனிந்து. மாபுலெங் நடுவில் வந்து நின்றதுமே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிஜக் கண்ணீர்தான், யாருக்காக என்பது அவளுக்கே வெளிச்சம்.

"என் தம்பி குடுத்துவச்சவன். இந்தப் பொண்ணு உருகிப்போயிருக்கா. இன்னொரு வருஷம் கறுப்பு உடுத்தறேன்னு என் காலப் புடிச்சுக் கேட்டா. விடலாமா நாம? நாம என்ன ராட்சசங்களா? கல்யாணத்தன்னிக்கு, பொறக்கப்போற புள்ளய நெனச்சு, மாலினேயோ, லினேயோவோட அம்மான்னு பேரு வச்சோம். அந்த லினேயோ எங்க? பேர மட்டும் சொமந்துக்கிட்டு ஒத்தையில கெடந்து செத்துப்போகட்டுமா? போதும் அவ பட்டது. இந்த வாரமே கழட்டிடுவோம்."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். ஒரு கிழவர் மூக்கைச் சிந்தினார். மாலினேயோ நிமிர்ந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். "வேணாம்" என்று சொன்னாள்கூட. அதைக் கேட்டதும் பெண்கள் எல்லாரும் 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டினார்கள். சொல்லச் சொல்ல உத்தமித்தனம்தான் ஏறும் என்று அவளுக்குப் புரிந்தது. உண்மையைச் சொல்லலாம்: அவன் செத்த பிறகுதான் எனக்குச் சோறு ருசிக்கிறது என்று சொல்லலாம். சொன்னால் புருஷனை மருந்து வைத்துக் கொன்றவள் என்று இதே பெண்கள் இதே இடத்தில் கல்லெடுப்பார்கள். மாபுலெங் அவளைப் பார்த்து, மெதுவாக, தாய் மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எழுந்துபோய் அவள் தொண்டையைப் பிடிக்க வேண்டும் போல் மாலினேயோவுக்கு வெறி வந்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கழற்றும் நாளில் ஆடு அடித்தார்கள். அவள் தலையை மழித்தார்கள். கறுப்பையெல்லாம் உருவி வாசலுக்கு அப்பால் குவித்து எரித்தார்கள். அவளுடைய சொந்த அண்ணன், தாய்வீட்டு முறையாக நீலப் பூப்போட்ட துணியும் புதுக் கம்பளியும் கொண்டுவந்திருந்தான். "அண்ணே, என்னயும் கூட்டிட்டுப் போயேன்" என்று அவன் காதில் சொன்னாள். அவன் கறியெலும்பைக் கடித்துக்கொண்டே, "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது" என்றான். பொழுது சாய்வதற்குள் மலையிறங்க வேண்டும் என்று குதிரை ஏறிப் போய்விட்டான். பெண்கள் அவளைச் சுற்றி நின்று குலவையிட்டு ஆடினார்கள். ஒவ்வொருத்தியாக வந்து கை கொடுத்தாள். "அப்பாடா, மனுஷியாயிட்ட" என்றாள் ஒருத்தி. மாபுலெங்தான் கடைசி. அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "அந்தப் பரங்கிக்கா பக்குவம் எப்படீன்னு ஒரு நாள் சொல்லிக் குடுடி" என்றாள். கிண்டலா, நிஜமாகவே கேட்டாளா என்று மாலினேயோவுக்குத் தெரியவில்லை.

எல்லாரும் போன பிறகு சியாபாட்டா வந்தான். குனிந்து உள்ளே நுழைந்து, தடியைச் சுவரில் சாத்தி, போர்த்தியிருந்த கம்பளியைக் கட்டிலில் வீசினான். பீர் வாடை அவனுக்கு முன்னால் அடுப்புவரை போனது. குடித்திருந்தாலும் நிதானமாகத்தான் இருந்தான். பூட்ஸைக் கழற்றி, காலை நெருப்புக்கு நேரே நீட்டிக்கொண்டான். நேற்றுவரை அவளை 'மதினி' என்றுதான் கூப்பிடுவான். அதுவும் தூரத்தில் நின்று, முகம் பார்க்காமல்.

"மாலினேயோ" என்றான். "கதவச் சாத்து. குளுரு உள்ள வருது."

அவள் கதவருகே போனாள். வாசலுக்கு அப்பால் கறுப்புத் துணி எரிந்த இடத்தில் கங்கு இன்னும் அணையவில்லை. காற்று வீசும்போதெல்லாம் சிவந்து, பிறகு மங்கியது. மலைமுகட்டில் கடைசி வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. மழித்த தலையில் பனி நேராக இறங்கியது. முதுகில் அடுப்பின் சூடு, முகத்தில் வெளிக் குளிர். நிலைப்படியின் மேல் நின்றாள்.

"காது கேக்கலியா? சாத்துன்னேன்ல."

இந்தக் கதவை உள்ளே நின்றும் சாத்தலாம், வெளியே நின்றும் சாத்தலாம். அவள் கை கதவின் விளிம்பைப் பிடித்தபடியே இருந்தது.