வண்டிக்குப் பின்னால் நின்றவர்

மாட்டுங்காவில் யார் "ஆனே தோ" என்று கத்தினாலும் ஷேக் பரீதின் கழுத்து தானாகத் திரும்பியது. பம்பாயில் ஒரு வண்டி பின்னுக்கு வந்தால் போதும், தெருவில் போகிற எவராவது நின்று, வண்டியின் உடம்பில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "ஆனே தோ, ஆனே தோ" என்று குரல் கொடுப்பார். வரட்டும், வரட்டும் என்று அர்த்தம். கூலி கிடையாது, பெயர் விசாரிப்பு கிடையாது. வண்டி திரும்பியதும் தட்டியவர் தன் வழியே போய்விடுவார். அப்படிப் போய்விட்ட ஒருவரைத்தான் பரீத் ஐந்து மாதமாகத் தேடிக்கொண்டிருந்தான்.

அது நடந்த அன்று சாயங்காலம் ஆறு மணி இருக்கும். மஸ்ஜித் பந்தரில் ஏற்றிய பார்சல்களில் கடைசி, கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு மாவு கிரைண்டர். மாட்டுங்காவில் ஒரு முட்டுச் சந்து. கட்டடத்து வாட்ச்மேனும் அவனுமாகப் பெட்டியை இறக்கி வைத்தார்கள். டெம்போவைத் திருப்ப இடமில்லை, பின்னுக்குத்தான் எடுக்க வேண்டும். பார்த்துச் சொல்ல கிளீனர் இல்லை. வாட்ச்மேன் பெட்டியைத் தூக்க ஆள் கூட்டிவர மாடிக்குப் போய்விட்டான். பரீத் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "கோயி தேக்கோ பாய்!" என்று, யாராவது பாருங்கள் என்று, பொதுவாகக் கத்தினான். உடனே பின்புறம் தட்டல் கேட்டது. வலது கண்ணாடியில் ஒரு கை தெரிந்தது. வாட்ச் முகம் மணிக்கட்டின் உட்பக்கம் இருக்கும்படி கட்டிய கை. "ஆனே தோ... ஆனே தோ..." நம்மூர் வாய் சொல்கிற ஹிந்தி அது, 'தோ' சற்று நீண்டது. அந்தக் குரலை நம்பி அவன் கிளச்சைத் தளர்த்தினான்.

அப்புறம் ஒரு பெண்ணின் அலறல். டெம்போவின் இடது மூலைக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் ஓர் அம்மாவின் வலது கால் மாட்டியிருந்தது. கூட்டம் கூடியது. யாரோ அவன் சட்டையைப் பிடித்தார்கள், யாரோ அறைந்தார்கள். குரல் கொடுத்தவர் எங்கே என்று அவன் கேட்டது யார் காதிலும் ஏறவில்லை.

டெம்போ முதலாளி வானமாமலை அண்ணாச்சி தாராவியில் இரண்டு வண்டி ஓட்டினார். வண்டிக்கு ஒரு கிளீனர் என்று பார்சல் ஆபீசில் சம்பளம் வாங்கிக்கொண்டு, இரண்டுக்குமாக ஒருவனை வைத்திருந்தார். அவன் பெயர் வெயிலுமுத்து, நாற்பது வயதுக்காரன். விபத்தன்று வெயிலுமுத்து மற்ற வண்டியில் கல்யாண் ஊருக்குப் போயிருந்தான். அது வெளியே தெரிந்தால் பார்சல் ஆபீஸ் வேலை அண்ணாச்சியின் கையை விட்டுப் போகும். ஆகவே, தான் பரீதின் வண்டியில் இருந்ததாகவும், நிறுத்து நிறுத்து என்று கத்தியும் டிரைவர் கேட்கவில்லை என்றும் வெயிலுமுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

"ஒத்துக்கிட்டுப் போல," என்றார் அண்ணாச்சி, தன் கடை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தபடி. "என் தப்புன்னு ஒரு வார்த்தை. இன்சூரன்ஸ்காரன் அந்தம்மாவுக்குக் குடுத்துட்டுப் போறான். ஒனக்கு என்னல கொறையப் போவுது?"

"லைசென்ஸு போயிரும் அண்ணாச்சி. போலீஸ் கேசு தனியா கெடக்கு."

"போனாப் போவுது. குடோன்ல மூட்டை தூக்கு. நான் சோறு போட மாட்டனா?"

"வெயிலுமுத்து அண்ணன் அன்னைக்குக் கல்யாண்லல்லா நின்னாரு? அவரையே கேளுங்க."

வெயிலுமுத்து தன் செருப்பு வாரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணாச்சி மேஜை டிராயரைத் திறந்து, பரீதின் லைசென்ஸை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போட்டு மூடினார். வேலைக்குச் சேர்ந்த அன்றே அதை வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். அது இல்லாமல் வேறு எவனும் பரீதுக்கு வண்டி தரமாட்டான்.

அந்த அம்மா நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருந்த கோர்ட்டின் வாசலில் மனு டைப் அடிக்கிற ஒரு தமிழர் இருந்தார். அவர் விரலை நிறுத்தாமலே சொன்னார்: "வண்டியில கிளீனர் இல்லைன்னு சொல்ல ஒரு சாட்சி வேணும். குரல் குடுத்த ஆளைக் கொண்டா, முதலாளி மாட்டுவார். கொண்டாரலைன்னா நீ சொல்றது வெறும் கதை. இங்க சொல்றதுதான் போலீஸ் கேசுலயும் ஒன்னைத் தொரத்தும்."

அதிலிருந்து பரீதுக்கு உட்கார முடியவில்லை. சாப்பிடும்போது தொடை ஆடியது. பஸ்ஸில் ஏறினால் இரண்டு நிறுத்தத்துக்கு முன்பே இறங்கி நடந்தான். பகலில் கிடைத்த கூலி வேலை பார்த்துவிட்டு, சாயங்காலமானால் மாட்டுங்கா சந்து முனையில் போய் நின்றான். பால் வாங்கப் போகிறவர், ஆபீஸ் விட்டு வருகிறவர், கோயிலுக்குப் போகிறவர் என்று ஒவ்வொருவர் மணிக்கட்டாகப் பார்த்தான். டாக்ஸி ஏதாவது பின்னுக்கு வந்தால் ஓடிப்போய், தட்டுகிற கையைப் பார்த்தான். வாட்ச் எல்லாம் வெளிப்பக்கமே இருந்தது.

"என்ன பாய், மாப்பிள்ளை பாக்கிறியா? தெனம் வந்து ஆம்பிளைங்க கையா பாத்துக்கிட்டு நிக்கிறியே," என்றாள் பூ விற்கிற முருகம்மாள்.

"ஒரு ஆளைத் தேடுதேன்க்கா."

"பேரு?"

"தெரியாது."

"மூஞ்சி?"

"பாக்கல."

"வெளங்கிரும்," என்று அவள் பூவுக்குத் தண்ணீர் தெளித்தாள். அவன் மேலேயும் கொஞ்சம் விழுந்தது.

விசாரணைக்கு நான்கு நாள் இருந்தபோது, அவன் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்ததைப் பொறுக்க முடியாமல் அவன் மனைவி ரஷீதா தையல் மெஷினை நிறுத்தினாள்.

"மாட்டுங்காவுல உள்ளவன் கையெல்லாம் பாத்தாச்சு. அந்தம்மா காலைப் போயிப் பாத்தியளா?"

அவன் நின்றான். இந்த ஐந்து மாதத்தில் அந்த எண்ணம் வந்தபோதெல்லாம் வேறு பக்கம் திரும்பி நடந்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவனுக்கே உறைத்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்த அம்மாவின் பெயர் பாகீரதி என்பதும், கணவர் ஜம்புநாதன் என்பதும், செம்பூரில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட் என்பதும் கோர்ட் காகிதத்தில் இருந்தது. வீடு அதே மாட்டுங்கா சந்தில், மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை. ஒவ்வொரு படியையும் அந்த அம்மா எப்படி இறங்குவார் என்று நினைத்துக்கொண்டே ஏறினான். கதவைத் தட்டினான். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் திறந்தார். வேட்டி, கையில்லாத பனியன்.

"யார் வேணும்?"

பரீத் அந்தக் குரலை அடையாளம் கண்டான். கதவைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். வாட்ச் முகம் உள்பக்கம் இருந்தது.

அவரும் இவனைத் தெரிந்துகொண்டுவிட்டார். சட்டென்று வெளியே வந்து கதவைப் பாதி சாத்தினார். "இங்க எதுக்கு வந்தே? அவ படுத்துண்டிருக்கா."

"சார்... நீங்கதானா?"

"மெதுவாப் பேசு."

"நீங்கதானா சார்? அஞ்சு மாசமா இந்தச் சந்துலயே நிக்கேன் சார்!"

"தெரியும்." ஜம்புநாதன் சுவரைப் பார்த்துச் சொன்னார். "பார்த்திருக்கேன். பின்பக்கத்துக் கேட் வழியா வந்துடுவேன். நான் என்ன செய்யட்டும் சொல்லு. பேப்பர் வாங்க இறங்கினேன். நீ கத்தினே, தட்டினேன். என் பக்கம் காலியாத்தான் இருந்தது. அவ அந்தப் பக்கத்துலேர்ந்து வருவாள்னு நான் கண்டேனா? எல்லாரும் ஓடினா, நானும் ஓடினேன். அப்பறம் அவ காலைப் பார்த்தேன். அதுக்கப்பறம் வாய் வரலை."

"கோர்ட்டுல வந்து கிளீனர் இல்லைன்னு மட்டும் சொல்லுங்க சார். வேற ஒண்ணும் வேண்டாம்."

"பின்னே யார் இருந்தான்னு கேக்க மாட்டானா? புருஷனே பெண்டாட்டி மேல வண்டியை ஏத்தச் சொன்னான்னு இன்சூரன்ஸ் வக்கீல் கிழிச்சுடுவான். வர்றதுல பாதி போயிடும். அது கூடப் போகட்டும். அவளுக்குத் தெரியாதுப்பா." அவர் கை கூப்பினார். தன்னைவிட வயதான, படித்த ஒருவர் படிக்கட்டில் நின்று கும்பிடுவதை எப்படி வாங்கிக்கொள்வது என்று பரீதுக்குத் தெரியவில்லை. திரும்பி இறங்கிவிடலாமா என்று கால் பரபரத்தது. ஒரு படி இறங்கியும்விட்டான்.

"ஏன்னா, யாரது?" உள்ளேயிருந்து குரல் வந்தது. "டிரைவர்தானே? உள்ள வரச் சொல்லுங்கோ."

கூடத்தில், ஜன்னலோரக் கட்டிலில் பாகீரதி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது பாதம் ஒரு பக்கமாகத் திரும்பி, கணுக்காலுக்கு மேல் தோல் பளபளவென்று இறுகியிருந்தது. பரீத் அதைப் பார்த்தான். பார்க்கத்தான் வந்தான்.

"உக்காருப்பா. ஜன்னல் வழியா உன்னை தினம் பார்க்கறேன். தேடிண்டிருந்தது கிடைச்சுதா?"

அவன் திரும்பிப் பார்த்தான். ஜம்புநாதன் கதவருகிலேயே நின்றார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றார் பாகீரதி. "பஸ்ஸை விட்டு இறங்கி, கறிகாய் வாங்கிண்டு அந்தப் பக்கமா வந்தேன். வண்டி பின்னால வரது. ஓடியிருக்கலாம், ரெண்டு எட்டுதான். இவர் குரல் கேட்டுது. அவர்தானே இருக்கார், என்னைப் பார்த்துட்டுத்தான் வரச் சொல்றார், நிறுத்திடுவார்னு சுவரோரமா ஒதுங்கி நின்னுட்டேன்."

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பாகீ..."

"நீங்களா சொல்லுவேள்னு பார்த்துண்டே இருந்தேன். ஆஸ்பத்திரியில சொல்லுவேள்னு பார்த்தேன். கட்டுப் பிரிச்ச அன்னிக்குப் பார்த்தேன். காலை விட அதுதான் வலிச்சுது." குரல் உயரவில்லை. பிழையுள்ள டைப் பக்கத்தைத் திருப்பிக் கொடுப்பதுபோல் இருந்தது அது. "புதன்கிழமை நீங்களும் கூண்டுல ஏறணுமோல்லியோ? செலவுக் கணக்குச் சொல்ல. அப்போ கேட்டா என்ன சொல்லப் போறேள்?"

ஜம்புநாதன் உள்ளே போனார். குழாய் திறந்த சத்தம் கேட்டது, மூடிய சத்தம் கேட்கவில்லை.

பரீத் எழுந்தான். "நான் வாறேம்மா."

"காப்பி சாப்பிட்டுப் போ. எனக்கு எழுந்து போட முடியாது, அவரைத்தான் போடச் சொல்லணும். வரதுக்கு நேரமாகும்."

அவன் காத்திருக்கவில்லை. மூன்று மாடியையும் ஓட்டமாக இறங்கினான். தாராவி வரை நடந்தே போனான்.

புதன்கிழமை கோர்ட்டில் வெயிலுமுத்து முதலில் ஏறி எழுதிக் கொடுத்ததையே சொன்னான். அண்ணாச்சியின் வக்கீல், டிரைவர் தகுதியுள்ளவன்தான் என்று காட்ட லைசென்ஸை நீதிபதியிடம் நீட்டினார். நீதிபதி எண்ணைக் குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். தகுதியுள்ளவன், ஆனால் பேச்சுக் கேட்காதவன் என்று வக்கீல் முடித்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பரீத் இரண்டு கையாலும் தன் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஜம்புநாதன் ஏறினார். ஆஸ்பத்திரிச் செலவு, டாக்ஸிச் செலவு என்று பாகீரதியின் வக்கீல் கேட்டார், அவர் சொன்னார். பிறகு இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்து, சம்பவத்தின்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். ஜம்புநாதன் மனைவியைப் பார்த்தார். பாகீரதி அவரைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வண்டிக்குப் பின்னால்," என்றார் ஹிந்தியில். யாரும் கேட்காமலே அதை இங்கிலீஷிலும் ஒரு தடவை சொன்னார். "கிளீனர் யாரும் இல்லை. டிரைவர் தனியாக வந்தான். ஆனே தோ என்று நான்தான் சொன்னேன். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டுச் சொன்னேன்."

அவர்கள் பக்கத்து வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இன்சூரன்ஸ் வக்கீலுக்கு முகம் மலர்ந்தது. அப்படியானால் உங்கள் மனைவியின் கால் போனது உங்களால்தானே என்றார்.

"என்னாலும்," என்றார் ஜம்புநாதன்.

நீதிபதி ஸ்டெனோவுக்குச் சொல்லச் சொல்ல, மெஷின் தடதடத்தது. வெயிலுமுத்துவைத் திரும்பக் கூப்பிட்டார். அன்று எந்த வண்டியில் இருந்தாய், சத்தியமாகச் சொல் என்றார். வெயிலுமுத்து அண்ணாச்சியைப் பார்த்தான், அப்புறம் தரையைப் பார்த்து, கல்யாண் என்றான். கேஸ் அடுத்த மாதத்துக்குப் போயிற்று.

நெஞ்சு லேசாகும் என்று பரீத் இத்தனை நாள் நினைத்திருந்தான். ஆகவில்லை. வராந்தாவில் அவர்கள் வக்கீல், "பணம் குறையும்மா, நிச்சயமாக் குறையும்" என்று பாகீரதியிடம் கடுகடுத்துக்கொண்டிருந்தார்.

"கீழ டாக்ஸி கிடைக்குமா சார்?" என்று கேட்டார் அந்த அம்மா. பிறகு கணவர் பக்கம் திரும்பி, "கம்பை நீங்களே வெச்சுண்டு நிக்கறேளே, கொடுங்கோ" என்றார். ஜம்புநாதன் அவசரமாகக் கம்பை நீட்டினார். அவர்களிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று பரீத் நின்றான். ஜம்புநாதன் இவனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அதில் நட்பும் இல்லை, கோபமும் இல்லை.

அண்ணாச்சி மறு கோடியில் தன் வக்கீலோடு படியிறங்கப் போனார். பரீத் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றான்.

"லைசென்ஸக் குடுங்க அண்ணாச்சி."

"கடைக்கு வா, பேசிக்கிடலாம்."

"கடைக்கு வரமாட்டேன். வக்கீல் சார் கையில இருக்க பைல்லதான் இருக்கு. நான் பாத்தேன்."

"எவன்ல ஒனக்கு இனி வண்டி குடுப்பான்?"

"மான்குர்துல ஒருத்தரு ஆளு கேட்டாரு. குடுப்பாரோ மாட்டாரோ. அது எம் பாடு."

அண்ணாச்சி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் அக்கம்பக்கம் பார்த்தார். நாலைந்து பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பைல் நாடாவை அவிழ்க்க வக்கீலுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. பரீத் கையை நீட்டியபடியே நின்றான்.