பதினொரு கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு வெண்ணெய் டப்பா

கடல் யாரையும் மன்னிப்பதில்லை. மனிதனின் அகந்தையை ஒரு கையால் தாலாட்டி, மறு கையால் நசுக்கிவிடும்.

விழா உரையின் தொடக்கமாக இதை மைப்பேனாவால் தன் கைப்பட எழுதிய எவரெட் ஸ்விக்கர், ஹாலிஃபாக்ஸிலிருந்து எதிர்க்கரையிலுள்ள டார்ட்மத்துக்குத் துறைமுகத்தைக் கடக்கும் படகில் ஏறுவதற்கு முன்பே குமட்டல் மாத்திரை போட்டுக்கொள்கிறவர். எப்போதோ ஒரு வருடம் படகுச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். அன்றிலிருந்து அலுவலகத்தில் எல்லோரும் அவரை, அந்தப் பதவியின் பட்டப்பெயரான கொமொடோர் என்றுதான் அழைக்க வேண்டும். அவருக்குச் சொந்தமாக ஒரு பாய்மரப் படகும் உண்டு. அது துறையை விட்டு நகர்ந்து பார்த்தவர் இல்லை.

அவருடைய நிறுவனம் நீர்புகாப் பெட்டிகள் செய்கிறது. இப்போது செய்திருப்பது சிங்கி இறால் மீனவர் சங்கத்துக்கு. முந்நூறு மீட்டர் ஆழத்தில், கூண்டுக்கு வெளியே நின்று யோசிக்கும் இறால் ஏன் உள்ளே வர மறுக்கிறது என்று பார்க்கச் சங்கம் ஒரு கேமரா வாங்கியிருந்தது. ஒரே ஒரு கேமரா. அதற்கான பெட்டியை வரைந்தவள் வெர்னா ஹிம்மல்மன். கணினியில் அந்தப் பெட்டியைக் கடலுக்கடியில் இறக்கி, தண்ணீர் எப்படி அழுத்தும் என்று சிமுலேஷன் ஓட்டியவளும் அவள்தான்.

முடிவு அழகாக வந்தது. பெட்டி ஆபத்தில் இருந்தால் திரையில் சிவப்பாகும். நிம்மதியாக இருந்தால் நீலமாக இருக்கும். வெர்னாவின் பெட்டி மூலைக்கு மூலை நீலம். கொமொடோர் அந்தப் படத்தைக் கதவு உயரத்துக்கு அச்சடித்து, வரவேற்பறைச் சுவரில் மாட்டி, கீழே ‘ஆழத்தை வென்றோம்’ என்று போட்டுவிட்டார். இன்று மதியம் விழா. சங்கத்தார் முன்னிலையில், கேமராவோடு பெட்டியை அழுத்தத் தொட்டிக்குள் இறக்கிச் சோதிப்பதாக ஏற்பாடு.

காலையில் வெர்னாவுக்கு வேலை எதுவும் இல்லை. இந்தப் பெட்டி எவ்வளவு ஆழம்வரை தாங்கும் என்று பார்க்கும் ஆசை மட்டும் இருந்தது. ஆயிரம் மீட்டர் கொடுத்தாள். நீலம். ஆறாயிரம் கொடுத்தாள். நீலம். உலகத்திலேயே ஆழமான பள்ளத்துக்கு, பதினொரு கிலோமீட்டருக்கு அனுப்பினாள். அங்கேயும் பெட்டி கடற்கரையில் காற்று வாங்குவதுபோல நீலமாகக் கிடந்தது.

முதலில் பெருமையாக இருந்தது. பிறகு அந்தப் பெருமை எங்கோ உறுத்தியது. மேசைமேல், நேற்று மிஞ்சிய மீன் கேக்கை அவள் எடுத்து வந்திருந்த வெண்ணெய் டப்பா இருந்தது. மெல்லிய பிளாஸ்டிக், கட்டைவிரலால் அழுத்தினாலே குழி விழும். அதை அளந்து, கணினியில் வரைந்து, அதே சோதனையில் பதினொரு கிலோமீட்டருக்கு இறக்கினாள்.

டப்பாவும் நீலம்.

“அடப்பாவி!” என்றாள் டப்பாவைப் பார்த்து.

திரையில் டப்பாவைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாள். அழுத்தத்தைக் காட்டும் அம்புகள் வெளியிலிருந்து குத்திக்கொண்டு நின்றன. உள்ளேயிருந்தும் அதே பலத்தோடு எதிர்த்துக் குத்திக்கொண்டு நின்றன. கேமராப் பெட்டியை வெட்டினாள். அங்கேயும் அதே கதை. பெட்டியில் திருகு ஓட்டை, பள்ளம், விளிம்பு என்று நூற்றுச் சொச்சம் பரப்புகள். தண்ணீர் அழுத்தும் பரப்புகளை ஒவ்வொன்றாகச் சொடுக்க அலுத்துப்போய், அன்று சாப்பாட்டுக்கு நேரமானதால், ‘எல்லாம்’ என்று ஒரே சொடுக்கில் தேர்ந்தெடுத்தது நினைவுக்கு வந்தது. எல்லாம் என்றால் உட்சுவரும் சேர்த்துத்தானே. உள்ளேயும் தண்ணீர் இருந்தால், வெளியே இருக்கும் தண்ணீரால் பெட்டியை என்ன செய்ய முடியும்?

வெளிப்பரப்புகளை மட்டும் பொறுமையாகத் தேர்ந்தெடுத்து மறுபடி ஓட்டினாள். முந்நூறு மீட்டரில் மூடி நடுவில் குழிந்து, திருகுகளுக்கிடையே விளிம்பு தூக்கி, தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை விட்டு விலகிச் செக்கச்செவேலென்று நின்றது.

வெர்னா போனபோது கொமொடோர் தன் அறையில் கண்ணாடி முன் உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். தவிட்டு நிறத் துணியில் சுற்றிய கேமராவைக் கைக்குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு லார்ன் புட்டிலியே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் மீனவர் சங்கத்துச் செயலாளர். கொமொடோரை எவரெட் என்று மட்டுமே அழைப்பவர்.

லார்ன் போன பிறகு சொல்லலாம் என்று வெர்னா காத்திருக்கலாம். ஆனால் அவர் கேமராவோடுதான் தொட்டிக்குப் போவார்.

“கொமொடோர், அந்தப் படம் தப்பு. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்” என்றாள்.

“நீலமாத்தானே இருக்கு?”

“நீலம்தான். பெட்டிக்குள்ளயும் தண்ணி இருக்கிற மாதிரி கணக்குப் போட்டிருக்கேன்.”

கொமொடோர் யோசித்தார். “அப்போ உள்ளே தண்ணி இருந்தாலும் தாங்குதுன்னு அர்த்தம். இன்னும் நல்லதாப் போச்சு.”

“எவரெட்,” என்றார் லார்ன், “என் பழைய பூட்ஸும் உள்ள தண்ணியோட நல்லாத் தாங்கும்.”

“அச்சடிச்சாச்சு லார்ன்! சுவர்ல மாட்டியாச்சு!”

“சுவருக்கு ஒண்ணும் ஆகாது. கேமரா என் மடியிலேயே இருக்கட்டும். ஏம்மா வெர்னா, வேற எதை உள்ள வைப்பீங்க?”

“வழக்கமா சமையலறைக் காகிதம் வைப்போம். ஒரு சொட்டு வந்தாலும் காட்டிக்குடுத்துடும்.”

“வரலாற்றிலேயே முக்கியமான நாள்ல கை துடைக்கிற காகிதமா!” கொமொடோருக்கு முகம் சிவந்தது. சட்டென்று அதே முகம் மலர்ந்தது. கையிலிருந்த உரையை நான்காக மடித்தார். “இதை வை. முந்நூறு மீட்டர் போயிட்டு வந்த உரை. வெளியே எடுத்து உலர்ந்த காகிதத்திலிருந்து வாசிக்கிறேன்.”

“நகல் இருக்கா கொமொடோர்?”

“இந்த மாதிரி எழுத்துக்கு நகல் எடுக்கறதில்ல, வெர்னா.”

சங்கத்தார் பத்துப் பன்னிரண்டு பேர் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். பம்பு முனகியது, அழுத்தமானியின் முள் முந்நூறு மீட்டர் அளவுக்கு ஏறியது, முள் இறங்கியது. பெட்டி வெளியே வந்தபோது அதில் ஒரு சுருக்கம் இல்லை, ஒரு குழி இல்லை. மூடி கண்ணாடிபோலத் தட்டையாக இருந்தது.

“பார்த்தீங்களா!” கொமொடோர் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கியதும் பெட்டிக்குள் களுக் களுக் என்று கேட்டது.

வெர்னாவுக்கு அந்த ஒலியிலேயே முழுக்கதையும் விளங்கிவிட்டது. மூடி குழிந்திருக்கிறது, தண்ணீர் புகுந்திருக்கிறது, உள்ளும் வெளியும் சமமானதும் மூடி சமர்த்தாக நிமிர்ந்துகொண்டிருக்கிறது. சுவரில் இருப்பது எந்தத் தவறும் இல்லாத படம். தண்ணீர் நிறைந்த பெட்டியின் படம்.

“கொமொடோர், உள்ள அழுத்தம் இருக்கும், மெதுவா...”

அவர் அதற்குள் திருகைத் தளர்த்திவிட்டார். விளிம்பிலிருந்து ஒரு மெல்லிய நீலத் தாரை சீறி அவருடைய கழுத்துப்பட்டையை நனைத்தது. அது அவருடைய பேனா மை.

லார்ன் கேமராவைத் துணியோடு வெர்னாவிடம் நீட்டினார். “புது மூடி போட்டதும் சொல்லும்மா. அதுவரைக்கும் நீயே வெச்சிரு. எவரெட் கையில குடுத்துடாதே.”

பிறகு எல்லோரும் உரைக்காகக் காத்திருந்தார்கள். கொமொடோர் எழுத்தெல்லாம் கரைந்து வெளிறிய காகிதத்தை விரித்துப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

“கடல் யாரையும் மன்னிப்பதில்லை” என்றார்.

அடுத்த வரி அவருக்கு மனப்பாடம் இல்லை.